18 பிள்ளைகளுக்கு வயலின்: பள்ளி வகுப்பை எப்படித் தொடங்குவது?

வீட்டில் ஒருவர் இருவராக உட்காரவைத்துக் கர்நாடக வயலின் சொல்லித்தந்து பழகிய உங்களை, ஒரு பள்ளி மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 18 பேருக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம், வகுப்பெடுக்கக் கேட்டிருக்கிறது. எந்த அளவு வயலின் வாங்கச் சொல்வது, எந்தச் சுருதியில் கூட்டுவது, வீட்டில் செய்வதுபோல் முதல் வாரமே சரளி வரிசையை (ஏழு ஸ்வரங்களையும் வரிசையாகப் பழகும் தொடக்கப் பாடத்தை) தொடங்கலாமா, ஆண்டு விழாவில் என்ன வாசிக்க வைப்பது என்பவை உங்கள் கேள்விகள்.

மையமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி வயலின் வகுப்புகள் ஓராண்டுக்குள் கலைந்துபோவதற்குப் பெரும்பாலும் பிள்ளைகளின் எண்ணிக்கை காரணம் அல்ல. வில்லை நேராக இழுக்கவும் ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தை (ஸ) காதால் பிடிக்கவும் இன்னும் பழகாத பிள்ளையின் இடக்கையில் சரளி வரிசையைக் கொடுத்துவிடுவதே காரணம். வீட்டில் ஒரு பிள்ளை மட்டும் எதிரில் இருக்கும்போது வில், விரல், காது மூன்றையும் ஒருசேரத் திருத்திக்கொண்டு போக ஆசிரியரால் முடிகிறது. 18 பேர் இருக்கும் அறையில் அது எவராலும் முடியாது. ஆகவே முதல் பருவம் முழுவதையும் வலக்கைக்கும் காதுக்கும் குரலுக்கும் கொடுங்கள், இடக்கை காத்திருக்கட்டும். இதை ஏற்றுக்கொண்டால் மற்றக் கேள்விகளில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும்.

குழுவாக வயலின் கற்பிப்பது புதிதும் அல்ல. இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரப் பள்ளியொன்றில் 1897-இல் தொடங்கிய வயலின் வகுப்பு, மர்டாக் என்ற நிறுவனம் குறைந்த விலையில் தவணைக்குக் கருவிகளைக் கொடுக்க முன்வந்ததால், சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டின் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. அதிலிருந்து நமக்கு உதவும் செய்தி ஒன்று உண்டு: கருவிகளை ஒரே இடத்திலிருந்து மொத்தமாக வாங்குங்கள். பெற்றோர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக வாங்கி வரச் சொன்னால், 18 வயலினும் 18 விதமாக வந்து சேரும். அவற்றைச் சரிசெய்வதிலேயே முதல் மாதம் போய்விடும்.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அரை அளவு (1/2) வயலின் பொருந்தும். சிறிய உடல்வாகு கொண்ட சிலருக்குக் கால் அளவும் (1/4), உயரமான ஓரிருவருக்கு முக்கால் அளவும் (3/4) வேண்டியிருக்கும். பின்னத்தைப் பார்த்துப் பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை. முழு அளவு வயலினின் உடற்பகுதி ஏறத்தாழ 14 அங்குலம் என்றால், அரை அளவின் உடற்பகுதி ஏறத்தாழ 12½ அங்குலம் இருக்கும். ‘வளர்ந்த பிறகும் உதவுமே’ என்று முழு அளவை வாங்கிக் கொடுப்பவர்களைத் தயங்காமல் தடுத்துவிடுங்கள். இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கை சற்றே மடங்கிய நிலையில், வயலினின் தலைச்சுருள் உள்ளங்கைக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது கடைகளில் எல்லோரும் செய்யும் சோதனை. நமக்கு இன்னொரு சோதனையும் தேவை. பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து, தொடக்கப் பாடங்களின் ராகமான மாயாமாளவகௌளையின் ரிஷபத்தில் (ரி) ஆள்காட்டி விரலையும் காந்தாரத்தில் (க) நடுவிரலையும் ஒரே நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு ஸ்வரங்களுக்கும் நடுவே மூன்று அரைஸ்வர இடைவெளி இருக்கிறது. மணிக்கட்டு வளையாமல், கட்டைவிரல் இறுகாமல் அந்த அகலம் எட்டுகிறது என்றால் அளவு சரி.

புதிய வயலினை அப்படியே பிள்ளையின் கையில் கொடுத்துவிடாதீர்கள். மலிவு விலை வயலின்களில் குதிரை (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) பெரும்பாலும் தேவைக்கு மேல் உயரமாக இருக்கும். தந்தி விரற்பலகையிலிருந்து தூக்கி நிற்பதால், பெரியவர்களின் விரலே அழுத்த முடியாமல் நோகும். கருவி பழுது பார்ப்பவரிடம் கொடுத்துக் குதிரையைச் சீவி இறக்கச் செய்வது, உள்ளே நிற்கும் ஒலிக்கட்டை தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது, வில்லின் புது மயிருக்கு நன்றாக ரோசின் ஏற்றுவது ஆகிய மூன்றையும் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும். ரோசின் ஏறாத புது வில் தந்தியின்மேல் ஓசையின்றி வழுக்கிப் போகும். முதல் நாளே அப்படி நேர்ந்தால், தனக்கு வாசிக்க வரவில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

அடுத்தது சுருதி சேர்ப்பது. நீங்கள் கேட்காவிட்டாலும், பள்ளி வகுப்பில் மிகப் பெரிய தடை இதுதான். 18 வயலின் என்றால் 72 தந்திகள். வயலின் ஒன்றுக்கு இரண்டே நிமிடம் எடுத்துக்கொண்டாலும் 36 நிமிடம் ஆகிவிடும். பாடம் நடத்த மிஞ்சுவது நான்கு நிமிடம். ஆகவே வயலின்கள் பள்ளியிலேயே, வெயில் படாத, குளிரூட்டி நேராக வீசாத ஓர் அலமாரியில் இருக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் உறுதியாகக் கேளுங்கள். கடலோர ஊர்களின் ஈரத்தில் பிருடைகள் (தந்தியை முறுக்கும் மரத்திருகுகள்) ஊதித் திருக வராமல் இறுகும். குளிரூட்டிய அறையிலோ உலர்ந்து தளர்ந்து, தந்தி தானாகச் சரியும். நான்கு தந்திகளுக்கும் நுண்திருகு வைத்த டெயில்பீஸை (தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் பகுதியை) பொருத்திவிட்டால் அன்றாடக் கூட்டலுக்குப் பிருடையைத் தொடவே தேவையிருக்காது. உங்களிடம் நாலைந்து ஆண்டு கற்ற மூத்த மாணவர்கள் இருவரை வகுப்புக்கு அரை மணி முன்னதாக அழைத்து வாருங்கள். அவர்களுக்கும் அது நல்ல பாடம். காது கூர்மையடைவதற்கு அடுத்தவர் வயலினைச் சுருதி சேர்த்துத் தருவதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

எந்தச் சுருதி என்பதில் என் விடை தெளிவானது: 5 கட்டை, அதாவது மேல்நாட்டு ‘ஜி’ ஸ்வரத்தை ஷட்ஜமாகக் கொள்ளும் சுருதி. நம்மில் பலர் கற்றது இரண்டு, இரண்டரை, மூன்று கட்டையில்தான் என்பதால் கைப்பழக்கத்தில் பிள்ளைகளுக்கும் அதையே கூட்டிவிடுகிறோம். ஆனால் கடையில் வரும் தந்திகள் ஜி, டி, ஏ, ஈ என்ற மேல்நாட்டுச் சுருதிக்காகச் செய்யப்பட்டவை. 5 கட்டையில் தடித்த தந்தியிலிருந்து ஷட்ஜம், பஞ்சமம் (ப), ஷட்ஜம், பஞ்சமம் என்று கூட்டும்போது தடித்த தந்திகள் இரண்டும் தமக்குரிய சுருதியிலேயே நிற்கின்றன. மெல்லிய இரண்டும் ஒவ்வொரு முழுஸ்வரம் மட்டுமே இறங்குகின்றன. இரண்டரைக் கட்டைக்குப் போனால் தடித்த தந்திகள் நான்கு அரைஸ்வரமும் மெல்லியவை ஆறு அரைஸ்வரமும் தளர வேண்டும். முழு அளவு வயலினில் அதற்கேற்ற தடிப்புள்ள தந்தியைப் போட்டுச் சமாளிக்கலாம். அரை அளவில் தந்தியின் நீளமே குறைவு என்பதால், அந்தத் தளர்ச்சியில் ஒலி மழுங்கி, வில்லின் அழுத்தத்துக்கே சுருதி ஆடும். அந்தந்த அளவுக்கென்று விற்கும் தந்தியை வாங்கி 5 கட்டையில் கூட்டினால் சிறிய வயலினும் தெளிவாகப் பேசும். இந்த வயதுப் பிள்ளைகளின் குரலும் அந்தச் சுருதிக்குச் சிரமமின்றி இணங்கும். பாடிக்கொண்டே வாசிக்கப் போகிறவர்கள் என்பதால் குரலுக்கு இணங்குவது முக்கியம்.

கடைகளில் கிடைக்கும் பயிற்சி நூல்களில் உள்ள, நின்றுகொண்டு தாடையால் வயலினைப் பிடிக்கும் படங்கள் நமக்கு உதவா. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பிய இசைக்காரர் ஒருவரிடம் வயலின் கற்று அதை நம் இசைக்குக் கொண்டுவந்த காலத்துக்குப் பின், தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் அந்தக் கருவியைத் தரைக்கு இறக்கி, தலைச்சுருளை வலது கணுக்காலில் ஊன்றி, இடக்கையை விரற்பலகை முழுதும் தடையின்றி ஓடும்படி விடுவித்தார்கள். பெரியவர்களின் உடலில் இந்த அமர்வு இயல்பாகப் பொருந்துகிறது. சிறிய வயலினை ஏந்திய சிறிய பிள்ளையோ காலை எட்டிப் பிடிக்க முன்னோக்கிக் கூன்போட்டுவிடும். அப்போது பிள்ளையை நிமிர்ந்து உட்காரச் சொல்லிப் பயனில்லை. கணுக்காலைத்தான் உயர்த்த வேண்டும். மடித்த துண்டு ஒன்றைக் கணுக்காலின்மேல் வைத்து, வலக்காலைச் சற்று உள்ளே இழுத்துக்கொள்ளச் செய்தால் முதுகு தானாக நிமிரும். பிறகு இடக்கையை முழுவதுமாக எடுத்துவிடச் சொல்லிப் பாருங்கள். மார்பிலும் காலிலுமாக வயலின் அசையாமல் நின்றால்தான் அமர்வு சரி. சரிந்தால், பிள்ளை இதுவரை இடக்கையால் வயலினைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று பொருள். தாங்கும் கை எந்நாளும் கமகம் (ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைப்பது) வாசிக்காது.

வகுப்பில் பெஞ்சுகளை ஒதுக்கி ஜமுக்காளம் விரித்து, ஆறு ஆறு பேராக மூன்று வரிசைகளில், முன்வரிசையின் இடைவெளிகளில் பின்வரிசை அமையும்படி உட்காரவையுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் வலப்பக்கமும் வில் முழுவதும் வெளியே வர இடம் வேண்டும். நீங்கள் ஒவ்வொருவரின் பின்னாலும் போய் நிற்க வழியும் வேண்டும். எதிரில் உட்கார்ந்து நடத்தும் வீட்டு வகுப்பின் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டியிருக்கும். வில் கோணலாகப் போவது எதிரிலிருந்து பார்ப்பவரைவிடப் பின்னால் நிற்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இனி முதல் பருவத்தின் பாடத்துக்கு வருகிறேன். வில் பிடிப்பைப் பென்சிலில் தொடங்குங்கள். வில்லைக் கையில் கொடுக்கும்போது அடிப்பகுதியைப் பிடிக்கச் சொல்லாமல், வில்லின் எடை சமனாகும் இடத்துக்கு அருகே பிடிக்கச் சொன்னால் சுண்டுவிரல் பயப்படாது. சில வாரங்களில் பிடியை அடிப்பகுதிக்கு நகர்த்தலாம். வில்லின் நடுவில் ஓர் ஒட்டுத்தாள் துண்டும், நுனிப்பக்கம் ஒன்றும் ஒட்டி, அவ்விரண்டுக்கும் இடையே மட்டும் இழுக்கச் செய்யுங்கள். அந்த எல்லைக்குள் தோள் அசையத் தேவையில்லை, முழங்கை கதவுக்கீல்போலத் திறந்து மூடினால் போதும், வில் குதிரைக்கு இணையாகவே ஓடும். முழு வில்லையும் முதல் நாளே இழுக்கும் பிள்ளை தோளோடு சேர்த்து இழுக்கும். வில் வளைந்து விரற்பலகையின் பக்கம் ஏறிவிடும். பிறகு அதைத் திருத்த ஓராண்டு ஆகும்.

திறந்த தந்தியை மட்டும் மாதக்கணக்கில் இழுத்தால் பிள்ளைகள் சலித்துவிட மாட்டார்களா என்று நீங்கள் கேட்கக்கூடும். திறந்த தந்தியைப் பயிற்சியாகக் கொடுத்தால் சலிப்பார்கள். இசையாகக் கொடுத்தால் சலிக்கமாட்டார்கள். வகுப்பை மூன்று குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழுவில் மூவர் இரண்டாம் தந்தியின் ஷட்ஜத்தையும் மூவர் மிக மெல்லியதான முதல் தந்தியின் பஞ்சமத்தையும் ஆதி தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு வில்லாக, ஒரே நீளத்தில் இழுக்கட்டும். இரண்டாம் குழு அந்த நாதத்தின்மேல் முதல் சரளி வரிசையைத் தாளம் போட்டுப் பாடட்டும். மூன்றாம் குழு வயலினை மடியில் கிடத்தி, அதே தாளத்தில் தந்தியை விரலால் மீட்டட்டும். நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை குழுக்கள் வேலையை மாற்றிக்கொள்ளட்டும். இப்படிச் செய்யும்போது சுருதிப் பெட்டியை நிறுத்திவிடுங்கள். அந்த வேலையைப் பிள்ளைகள்தான் செய்கிறார்கள். ஒருவர் வில்லை அழுத்திக் கரகரத்தால் பாடும் குழுவின் சுருதி உடனே கலையும், பாடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், இழுத்தவர் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்வார். நீங்கள் ஒரு சொல்லும் சொல்லத் தேவையிருக்காது. இந்தத் திருத்தம் தனி வகுப்பில் கிடைக்காது; 18 பேர் இருப்பதன் நன்மையே இதில்தான் இருக்கிறது. மேலும், 18 வில்லும் ஒரே நேரத்தில் ஒலித்தால் ஒரு சிறு அறையில் யாருக்கும் தன் ஒலி கேட்காது. ஆறு வில் என்றால் கேட்கும்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு பயனும் கிடைக்கிறது. பருவம் முடியும்போது பிள்ளைகள் சரளி வரிசைகளையும் ஸ்வரங்களை இரட்டித்துப் பழகும் சில ஜண்டை வரிசைகளையும் சுருதி விலகாமல் பாடக் கற்றிருப்பார்கள். அதன்பின் விரலை வைக்கும்போது, எந்த ஒலி வர வேண்டும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்; விரல் அந்த ஒலியைத் தேடிப் போகும். எழுதிவைத்த ஸ்வரங்களைப் பார்த்து வாசிக்கப் பழக்குவதை இந்த வயதில் நான் ஆதரிப்பதில்லை. கண் தாளில் நின்றால் காது தூங்கிவிடுகிறது.

இடக்கையைத் தொடங்கும்போதும் முதலில் அழுத்தவேண்டியதில்லை. ஷட்ஜத் தந்தியின் சரியான நடுப்புள்ளியை விரல் நுனியால் மெல்லத் தொட்டு வில்லை இழுத்தால் மேல் ஷட்ஜம் புல்லாங்குழல்போல் ஒலிக்கும். அழுத்தினால் அந்த ஒலி வராது, ஆகவே பிள்ளை தானே இலேசாகத் தொடக் கற்றுக்கொள்ளும். விரற்பலகையின் கழுத்திலிருந்து நடுவரை கை வழுக்கிப் போய்வரவும் பழகும். இரண்டு வாரம் இதைச் செய்தபின் ஸ்வரஸ்தானங்களுக்கு வாருங்கள்.

மாயாமாளவகௌளையில் ரிஷபம், காந்தார இடைவெளி அகலமாக இருப்பதால் சிலர் பிள்ளைகளுக்கு வேறு ராகத்தில் தொடங்குவது உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த ராகத்தில் ஷட்ஜத்திலிருந்து மத்யமம்வரை உள்ள இடைவெளிகளே பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜம்வரையிலும் அப்படியே திரும்ப வருகின்றன. தந்திகளும் ஷட்ஜம், பஞ்சமம் என்றே கூட்டப்பட்டிருப்பதால், ஒரு தந்தியில் கற்ற விரல் அமைப்பு அடுத்த தந்தியிலும் அச்சாகப் பொருந்துகிறது. வயலினுக்கு இதைவிட வசதியான தொடக்கப் பாடம் இல்லை. இந்த நான்கு ஸ்வர அமைப்பு இரண்டு தந்திகளிலும் படிந்தபின் மலகரி ராகக் கீதங்களுக்கு (எளிய தொடக்கப் பாட்டுகளுக்கு) போகலாம். அதே ஸ்வரஸ்தானங்கள்தான், நிஷாதம் மட்டும் கிடையாது.

விரற்பலகையில் வண்ண ஒட்டுத்தாள் ஒட்டுவது பற்றி ஒரு சொல். ஒன்றே ஒன்று ஒட்டுங்கள், மத்யமத்துக்கு (ம). காரணம், அந்த இடத்தைச் சரிபார்க்கக் காதுக்கு அருகிலேயே சாட்சி இருக்கிறது. மந்தர (கீழ்) பஞ்சமத் தந்தியில் அதே இடத்தில் விரலை வைத்தால் மத்திய ஷட்ஜம் பிறக்கும். விரல் துல்லியமாக விழுந்தால், தொடாமல் இருக்கும் பக்கத்துத் தந்தியான ஷட்ஜமும் தானாக அதிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிள்ளைகள் இதைக் கண்டுகொண்டபின், அந்தத் தந்தியை அதிர வைப்பதற்காகவே திரும்பத் திரும்ப விரலை வைத்துப் பார்ப்பார்கள். ரிஷப, காந்தாரங்களுக்கு ஒட்டுத்தாள் வேண்டாம். மத்யமத்தின் தாளையும் சில மாதங்களில் எடுத்துவிடுங்கள். நம் இசையில் ஸ்வரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை. கோட்டைப் பார்த்து விரல் வைத்துப் பழகிய கைக்கு, பின்னால் கமகத்துக்காக வழுக்குவது மிகக் கடினமாகிறது.

காலங்களை (வேகங்களை) ஏற்றும்போது முதல் காலத்தில் ஸ்வரத்துக்கு ஒரு வில், இரண்டாம் காலத்தில் இரண்டு ஸ்வரத்துக்கு ஒரு வில், மூன்றாம் காலத்தில் நான்குக்கு ஒன்று என்ற வழக்கமான கணக்கே போதும். பள்ளி வகுப்பில் முதல் ஆண்டு மூன்றாம் காலத்தை நினைக்கவே வேண்டாம்.

ஆண்டு விழாவைப் பற்றிப் பள்ளி முதல்வரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். மூன்று மாதத்தில் திரைப்படப் பாட்டு ஒன்றை வாசிக்க வைக்கச் சொல்வார்கள். பிள்ளைகள் வில்லை ஆட்டப் பின்னணியில் ஒலிப்பதிவு ஒலிக்கும் மேடைகளை நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தான் வாசிக்காத ஒன்றுக்குக் கைதட்டல் கிடைப்பதைப் பிள்ளை புரிந்துகொள்கிறது. அதற்குப் பதிலாக, மேலே சொன்ன ஏற்பாட்டையே மேடையில் வைக்கலாம்: ஒன்பது பேர் ஷட்ஜ பஞ்சமத்தை ஒரே வில்லாக இழுக்க, ஒன்பது பேர் ஒரு கீதத்தைப் பாட, மூத்த மாணவர் ஒருவர் அதை வாசிக்கட்டும். சுருதி சுத்தமாக, வில்கள் ஒரே திசையில் போய்வந்தால், அது கேட்கவும் பார்க்கவும் நிறைவாக இருக்கும்.

இறுதியாக, பள்ளி வகுப்பையும் உங்கள் வீட்டு வகுப்பையும் எப்படி இணைப்பது என்பது. ஜப்பானில் ஷினிச்சி சுசுகி 1946-இல் மாட்சுமோட்டோ நகரில் தொடங்கிய முறையில், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப்பாடமும் குழுப்பாடமும் சேர்ந்தே நடக்கின்றன. பெற்றோரில் ஒருவர் தனிப்பாடத்தில் உடன் உட்காருகிறார். வாசிக்கப் போகும் இசையைப் பிள்ளை முன்பே பலமுறை கேட்டிருக்கிறது. கடைசியில் சொன்னது நம் குருகுலங்களில் இயல்பாகவே இருந்தது. லால்குடி ஜெயராமன் (1930–2013) தம் தந்தை கோபால ஐயரிடமே வயலின் கற்றவர். வீட்டில் நாள் முழுதும் கேட்ட இசைதான் அவருடைய முதல் பாடமாக இருந்திருக்கும். இன்றைய பிள்ளையின் வீட்டில் அது இல்லை. ஆகவே நீங்கள் பாடி, வாசித்துப் பதிவு செய்த வரிசைகளைப் பெற்றோரின் கைபேசிக்கு அனுப்பி, காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் ஒலிக்கவிடச் சொல்லுங்கள். வயலின் பள்ளியிலேயே இருப்பதால் வீட்டில் சாதகம் நடக்காதே என்று கவலைப்படுவார்கள். முதல் பருவத்தில் வீட்டுச் சாதகம் என்பது பாடுவது மட்டுமே என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டு வகுப்பில் நீங்கள் கூடவே வாசிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் வயலின் கூட ஒலித்தால் பிள்ளை அதன்மேல் சாய்ந்துகொள்கிறது, தன் சுருதி பிசகுவது அதற்குக் கேட்பதில்லை. நீங்கள் பாடுங்கள், பிள்ளை வாசிக்கட்டும். இரண்டாம் பருவத்திலிருந்து, பள்ளியில் விரல் அமைப்பு நின்றுவிட்ட பிள்ளைகளில் விருப்பமுள்ளவர்களைத் தனிப்பாடத்துக்கு அழைக்கலாம். ஆனால் அவர்கள் குழு வகுப்பிலும் தொடர வேண்டும் என்பதை நிபந்தனையாக வையுங்கள். தரத் தேர்வுகளுக்கு, அவை வட இலங்கை சங்கீத சபையின் தேர்வுகளானாலும் வேறு அமைப்பினுடையவையானாலும், இரண்டாம் ஆண்டு முடியும்வரை எவரையும் அனுப்பாதீர்கள். 12 வயதுக்குப் பிறகும் ஆர்வம் குறையாத பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் மூன்றாண்டுப் படிப்பில் வயலின் ஒரு பாடமாகவே இருக்கிறது. கட்டணம் கொடுத்துத் தனியாகக் கற்க இயலாத குடும்பங்களுக்கு அந்த வழியை நீங்களே நேரில் எடுத்துச் சொல்லுங்கள்.